கணக்கில் வராத கட்டில்கள்: மன்னார் வளைகுடாவின் இரண்டு கரைகளும் பராமரிப்பும்

ஏர்வாடி எங்க இருக்குது எண்டு எங்கட வகுப்பில் கேட்டால் பாதிப் பேர் "தர்ஹா இருக்கிற ஊர்" என்பார்கள், மீதிப் பேர் ஏதோ ஒரு சினிமாப் பகிடியை நினைத்துச் சிரிப்பார்கள். வரைபடத்தை எடுத்துப் பார்த்தால் அது மன்னாருக்கு மேற்கே, வளைகுடாவுக்கு அந்தப் பக்கம், இராமநாதபுரம் மாவட்டத்தில் இருக்கிறது. நேர்கோட்டில் அளந்தால் கொழும்பை விட ஏர்வாடிதான் எங்களுக்குக் கிட்ட. அப்படியிருந்தும் 2001 ஓகஸ்ட் 6ஆம் திகதி விடியற்காலை அங்கே நடந்ததை எங்கட கரையில் என் வயதுக்காரர் அநேகருக்குத் தெரியாது.

அன்று "மொய்தீன் பாதுஷா மனநல இல்லம்" என்ற பெயரில் இயங்கிய கீற்றுக் கொட்டகை ஒன்று தீப்பிடித்தது. உள்ளே நாற்பதுக்கும் மேற்பட்டோர் இருந்தார்கள். பெரும்பாலானோர் சங்கிலியால் கட்டப்பட்டிருந்தார்கள். ஓட ஏலாமல் எரிந்து செத்தவர்கள், பிறகு ஆஸ்பத்திரியில் செத்தவர்கள் என்று மொத்தம் 28 பேர்.

தர்ஹாவைக் குற்றம் சொல்லி இந்தக் கதையை முடிப்பது சுலபம். பலர் அப்படித்தான் முடித்தார்கள். ஆனால் வேண்டுதலோடு தர்ஹாவில் வந்து தங்குவது ஒன்று, அந்த வேண்டுதலை நம்பி வந்தவர்களை மாதக் காசுக்கு வைத்திருந்த தனியார் கொட்டகைகள் வேறொன்று. இந்தியாவின் 1987ஆம் ஆண்டு மனநலச் சட்டம் "மனநல நர்சிங் ஹோம்" என்ற சொல்லையே பயன்படுத்தியது. அப்படி ஒரு இடத்தை நடத்த உரிமம் வேண்டும் என்றது. பார்வையாளர் குழு ஒன்றை நியமிக்க வேண்டும், அந்தக் குழுவில் மூன்று பேராவது மாதம் ஒருதடவை சேர்ந்து போய்ப் பார்க்க வேண்டும் என்றும் சொன்னது. சட்டம் 1993இல் நடைமுறைக்கு வந்துவிட்டது. அதற்குப் பிறகு எட்டு வருடம் ஏர்வாடிக் கொட்டகைகள் உரிமம் இல்லாமலே இயங்கின. உரிமம் இல்லை, அதனால் பார்வையாளர் இல்லை. பார்வையாளர் இல்லை, அதனால் சங்கிலி யாருடைய அறிக்கையிலும் இல்லை.

இதைவிட என்னை உறுத்தினது இன்னொரு விஷயம். தீ விபத்துக்கு இரண்டு வருடம் முன்பு, 1999இல், இந்தியாவின் தேசிய மனித உரிமைகள் ஆணைக்குழு பெங்களூர் நிம்ஹான்ஸ் நிறுவனத்தோடு சேர்ந்து மனநலப் பராமரிப்பின் தரம் பற்றி ஒரு பெரிய அறிக்கை வெளியிட்டது. நாடு முழுக்க 37 மனநல மருத்துவமனைகளைப் போய்ப் பார்த்து எழுதினது. அந்த வகையில் முக்கியமான வேலை, குறை சொல்ல முடியாது. ஆனால் மதிப்பீடு செய்கிறவர்கள் "மருத்துவமனை" என்று பலகை போட்ட இடத்துக்குத்தான் போவார்கள். ஏர்வாடிக் கொட்டகை எந்தப் பட்டியலிலும் மருத்துவமனை இல்லை. மிக மோசமான இடம் மதிப்பெண் பட்டியலில் கடைசியாக வருவதில்லை, பட்டியலுக்குள்ளேயே வருவதில்லை.

தீக்குப் பிறகு எல்லாம் வேகமாக நடந்தது. ஒரு வாரத்துக்குள் ஏர்வாடியின் மற்ற இல்லங்களும் மூடப்பட்டன, ஐந்நூறுக்கும் மேற்பட்டோர் அரசின் பொறுப்பில் எடுக்கப்பட்டார்கள். இந்திய உச்ச நீதிமன்றம் தானாகவே வழக்கை எடுத்தது. பதிவான இடங்கள், பதிவில்லாத இடங்கள் இரண்டையும் தேடிக் கணக்கெடுக்கச் சொல்லி 2002 பெப்ரவரியில் மாநிலங்களுக்கு உத்தரவிட்டது. பதிவில்லாததையும் தேடு என்ற அந்த ஒரு வரிக்கு 28 பேர் விலை.

இனி எங்கட கரைக்கு வருவோம். "கணக்கில் இல்லாத பராமரிப்பு" என்று பார்த்தால் மன்னார் ஏர்வாடிக்கு 150 வருடம் மூத்தது.

1840களில் மலைநாட்டில் கோப்பித் தோட்டங்கள் பெருகினபோது தமிழ்நாட்டிலிருந்து தொழிலாளர் தோணியில் வந்து மன்னார்க் கரையில் இறங்கினார்கள். அங்கிருந்து மதவாச்சி, தம்புள்ளை வழியாக மாத்தளை வரை நடை. கிட்டத்தட்ட 150 மைல், பெரும்பாலும் காடும் வறண்ட நிலமும். வாந்திபேதி, வயிற்றோட்டம், மலேரியா, பசி. நடக்க ஏலாதவர்களை வழியில் விட்டுவிட்டுப் போனார்கள். 1841இலிருந்து வந்தவர்களில் கால்வாசிப் பேர், அதாவது 70,000 பேர், செத்திருக்கலாம் என்று 1849இல் கொழும்பு ஒப்சேவர் பத்திரிகை மதிப்பிட்டது. இந்த எண்ணைப் பற்றி வரலாற்றாசிரியர்கள் இன்றைக்கும் சண்டை பிடிக்கிறார்கள். கூட்டிச் சொன்னது என்கிறார்கள் சிலர், திரும்பிப் போனவர்களைச் சரியாகக் கழிக்கவில்லை என்கிறார்கள். இருக்கலாம். ஆனால் சண்டை பிடிக்க வேண்டி இருப்பதே எதனால்? செத்தவர்களை அந்த நேரத்தில் ஒருவரும் ஒழுங்காக எண்ணவில்லை. கோப்பி எத்தனை அந்தர் கப்பலேறினது என்ற கணக்கில் எவருக்கும் இப்படிச் சந்தேகம் வந்ததாக நான் வாசிக்கவில்லை.

பிறகு வடக்கு வீதி நெடுக கிணறு, தங்குமடம், ஆஸ்பத்திரிக் கொட்டில் என்று அரசாங்கம் மெல்ல மெல்லப் போட்டது. ஆனால் அவற்றின் தரத்தை அளந்த கண்ணைக் கவனியுங்கள். தோட்டத்துக்கு ஆள் உயிரோடு போய்ச் சேர்கிறதா, வாந்திபேதி மலைநாட்டுக்குப் பரவுகிறதா என்பதுதான் கேள்வி. கொட்டிலில் படுத்திருந்தவருக்குத் தண்ணி கிடைத்ததா என்பது இரண்டாம் பட்சம்.

1899இல் இந்தியாவில் பரவின பிளேக்குக்குப் பயந்து வடக்கு வீதி மூடப்பட்டது. 1914இல் தலைமன்னாருக்கு ரயிலும் கப்பலும் வந்தபின் மண்டபம் முகாம் அந்த இடத்தைப் பிடித்தது. இந்திய மண்ணில் இலங்கை அரசாங்கம் நடத்திய முகாம் அது. அங்கே பரிசோதனை கடுமையாக நடந்தது, ஆனால் பரிசோதிக்கப்பட்டது ஆட்கள். முகாமை அந்த ஆட்களின் கண்ணால் யாரும் பரிசோதிக்கவில்லை. அதே மண்டபம் 1980களுக்குப் பிறகு எங்கட சனத்துக்கு அகதி முகாம் ஆனது. மன்னாரில் எத்தனையோ வீட்டில் "நாங்க மண்டபத்தில இருந்தபோது" என்று தொடங்கும் கதை இருக்குது. அதற்கு முன்னால் அங்கே வரிசையில் நின்றவர்களின் கதைதான் இல்லை.

பராமரிக்கப்படுகிறவரின் பக்கத்திலிருந்து தரத்தை அளக்கலாம் என்று உலகம் யோசிக்கத் தொடங்கினதே 20ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியில்தான். இங்கிலாந்தில் பீட்டர் டவுன்சென்ட் என்ற சமூகவியலாளர் 1950களின் கடைசியில் 173 முதியோர் இல்லங்களுக்கு நேரில் போனார். 1962இல் அதைப் புத்தகமாக்கினார். பல இல்லங்கள் பழைய ஏழை விடுதிக் கட்டடங்களிலேயே இயங்கின. இந்த மனுசன் பேனாவோடு மட்டும் போகவில்லை. ஒரு இல்லத்தில் சில நாள் உதவியாளராக வேலை செய்து முதியவர்களைக் குளிக்க வார்த்தார். அவர் போட்ட அளவுகோலில் கட்டடமும் ஆளணியும் இருந்தன. அவற்றோடு, பொழுதுபோக்க என்ன இருக்குது, அன்றாடத்தில் எவ்வளவு சுதந்திரம் இருக்குது என்பதற்கும் புள்ளி இருந்தது. எப்போது எழும்புவது, எப்போது படுப்பது என்பதை யார் தீர்மானிப்பது? என்னைக் கேட்டால் இந்த ஒரு கேள்வியே ஒரு கட்டடத்தைப் பற்றி அரைவாசி சொல்லிவிடும்.

அதற்கு நாலு வருடம் கழித்து, 1966இல், அவேதிஸ் டொனபேடியன் எழுதின ஒரு கட்டுரையைத்தான் இன்றைக்கும் மருத்துவ நிருவாகம் படிக்கிற எல்லாரும் மேற்கோள் காட்டுகிறார்கள். பராமரிப்பின் தரத்தை மூன்று இடத்தில் பார்க்கலாம் என்றார். முதலாவது, என்ன இருக்கிறது: கட்டில், தாதி, கழிப்பறை. இரண்டாவது, என்ன செய்கிறார்கள்: மருந்து நேரத்துக்குக் கொடுக்கிறார்களா, படுத்த படுக்கையாக இருப்பவரைத் திருப்பிப் படுக்க வைக்கிறார்களா. மூன்றாவது, கடைசியில் அவருக்கு என்ன ஆகிறது: படுக்கைப்புண் வந்ததா, மெலிந்தாரா, விழுந்தாரா. முதலாவதை ஒரு காலை நேரத்தில் எண்ணி முடித்துவிடலாம். அதனால்தான் எல்லா நாட்டுப் படிவங்களும் முதலாவதில் நீளமாகவும் மற்ற இரண்டில் கட்டையாகவும் இருக்கின்றன. டொனபேடியன் பிறந்தது பெய்ரூட்டில், துருக்கியிலிருந்து தப்பி வந்த ஆர்மேனியக் குடும்பத்தில். வளர்ந்தது பாலஸ்தீனத்து ரமல்லாவில். இடம்பெயர்ந்தவர் வீட்டுப் பிள்ளைதான் இந்த அளவுகோலைச் செய்தது என்பது மன்னாரில் இருந்து வாசிக்கிற எனக்கு ஏனோ சாதாரண தகவலாகத் தெரியவில்லை.

இலங்கையில் முதியோர் உரிமைகளைப் பாதுகாக்கும் சட்டம் 2000ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கம். அதன் கீழ்தான் தேசிய முதியோர் சபை வந்தது, முதியோர் இல்லங்களைப் பதிவுசெய்யும் ஏற்பாடும் வந்தது. தேவை கூடிக்கொண்டே போகுது. 2012 குடிசன மதிப்பீட்டில் நாட்டில் எட்டுப் பேரில் ஒருவர் 60 வயதைத் தாண்டியவர். மன்னார் மாவட்டத்தின் மொத்த சனத்தொகையே அந்த வருடம் ஒரு லட்சத்துக்குச் சற்றுக் குறைவு. பிள்ளைகள் கனடாவில், பிரான்சில், மிச்சப் பேர் கொழும்பில், அல்லது போரில் இல்லாமலே போய்விட்டார்கள். "எங்கட சனம் தாய் தகப்பனை இல்லத்தில விடாது" என்று கோயில் திண்ணையில் சொல்லுவினம். சொல்லுகிறவரின் அம்மாவைப் பார்த்துக்கொள்வது பக்கத்து வீட்டு அக்காவாக இருக்கும்.

எங்கட ஊர்களில் இல்லங்களை மதிப்பிடுகிற வழி ஒன்று ஏற்கெனவே உண்டு, நாங்கள்தான் அதை அப்படிப் பார்ப்பதில்லை. ஆண்டுத் திவசம், பிறந்தநாள், முப்பத்தோராம் நாள் என்றால் வெளிநாட்டிலிருந்து காசு வரும், இல்லத்தில் ஒருநேரச் சாப்பாடு கொடுப்பார்கள், படம் எடுத்து முகநூலில் போடுவார்கள். நானும் அப்பப்பாவின் திவசத்துக்கு அப்படி ஒரு இல்லத்துக்குப் போயிருக்கிறேன். சோறு, மரக்கறி, பாயாசம், துப்புரவான மேசை விரிப்பு. வாசலில் விருந்தினர் குறிப்பேடு ஒன்று இருந்தது. புரட்டிப் பார்த்தேன். எல்லாப் பக்கமும் நன்றி, சேவை தொடர வாழ்த்து. கையெழுத்துகள் ரொறொன்ரோவில் இருந்து லண்டன் வரை. இல்லத்தில் இருக்கிற ஒருவர் எழுதின ஒரு வரிகூட இல்லை. எல்லா வருகையும் மத்தியானம் பன்னிரண்டுக்கும் இரண்டுக்கும் இடையில்தான். ராத்திரி சாப்பாடு என்ன, இரவில் எத்தனை பேருக்கு ஒரு ஆள், சலம் போகக் கூப்பிட்டால் யார் வருவது என்று குறிப்பேட்டில் எழுத அந்த நேரத்தில் அங்கே நின்றவர் எவரும் இல்லை. அந்த இல்லம் மோசமானது என்று நான் சொல்லவில்லை. நல்லதா என்பதையும் பாயாசத்தை வைத்துச் சொல்ல ஏலாது.

நான் அன்று கேட்டிருக்கக் கூடிய கேள்விகள் பெரிய படிப்புத் தேவையில்லாதவை. உங்களுக்கென்று பூட்டுப் போடக்கூடிய அலுமாரி இருக்குதா? பிள்ளையோடு தனியக் கதைக்க போன் கிடைக்குமா? கடற்கரைக்குப் போக வேண்டும் என்றால் யாரிடம் கேட்க வேண்டும்? கடைசியாக எப்போது நிறை பார்த்தார்கள்? ஒரு முறைப்பாடு இருந்தால், அதை யாரைப் பற்றிச் சொல்ல வேண்டுமோ அவரிடமே சொல்ல வேண்டி இருக்குதா?

பதிவான இல்லங்களைப் பற்றி அரசாங்கத்திடம் கேட்க இன்னொரு வழியும் இருக்கு. 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்க தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ் எந்தப் பிரசையும் தமிழிலேயே எழுதிக் கேட்கலாம். தகவல் அலுவலர் 14 வேலை நாளுக்குள் முடிவு சொல்ல வேண்டும். நானும் இரண்டு நண்பர்களும் இப்போது ஒரு விண்ணப்பம் எழுதிக்கொண்டிருக்கிறோம். மாவட்டத்தில் பதிவான இல்லங்கள் எவை, ஒவ்வொன்றையும் அலுவலர்கள் கடைசியாகப் போய்ப் பார்த்த திகதி எது, அந்த அறிக்கையின் பிரதி என்று மூன்று கேள்வி எழுதியாச்சு. நாலாவதில்தான் வாக்குவாதம். "பார்வையிட்ட நேரம்" என்று மட்டும் போட்டால் போதும் என்கிறான் ஒருவன். அலுவலர்கள் அங்கே இருக்கும் முதியவர்களில் எத்தனை பேரோடு, பணியாளர் பக்கத்தில் இல்லாமல், தனியாகக் கதைத்தார்கள் என்பதையும் சேர்க்க வேண்டும் என்பது என் கட்சி.