திருவரங்கத்தில் துணி காத்த முறை

தமிழில் நெய்பொருளைக் குறிக்கும் பழஞ்சொற்களில் பல, வெட்டுதலையும் பிரித்தலையும் அடியாகக் கொண்டவை. அறுக்கப்பட்டது அறுவை, துணிக்கப்பட்டது துணி, துண்டிக்கப்பட்டது துண்டு, கூறுபடுத்தப்பட்டது கூறை என்று, தறியிலிருந்து இறங்கிய நீண்ட நெசவை வேண்டிய அளவில் வெட்டும் செயலே அப்பொருளுக்குப் பெயராகியது. வெட்டியதைப் பேணி வைக்கும் நிலையைச் சொல்லவோ ‘மடி’ என்னும் ஒரு சொல்லே மடிப்பு, ஆடை, சடங்குத் தூய்மை ஆகிய மூன்று பொருள்களையும் தாங்கி வழங்குகிறது. துணியைச் சேர்த்து வைப்பவர் எவரும் எதை வெட்டுவது, எதை மடித்து வைப்பது என்ற கேள்வியை எதிர்கொண்டே தீரவேண்டும் என்பதால், இவ்விருவகைச் சொற்களும் ஒரே தொழிலின் இரு முனைகளைக் காட்டுகின்றன எனலாம்.

துண்டுத் துணிகளை இணைத்து, இடையே பஞ்சு வைத்து, இழையோட்டித் தைக்கும் ஒட்டுப்போர்வைக் கலை ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் வளர்ந்தபோது, அதற்குரிய துணிகளை நிறம், அளவு, இழை என்று வகை பிரித்து அடுக்கும் முறைகளும் உடன் வளர்ந்தன. தமிழகத்தில் அத்தகைய சேகரிப்பும் அடுக்குமுறையும் நெடுங்காலம் இடையறாது நடந்த இடம் கோயிலும் அதைச் சூழ்ந்த வீதிகளுமே ஆகும். காவிரிக்கும் கொள்ளிடத்துக்கும் இடைப்பட்ட தீவில், ஏழு திருச்சுற்றுகளுடன் 156 ஏக்கர் பரப்பில் அமைந்த திருவரங்கம் கோயிலில், அரசர் முதல் எளிய அடியவர் வரை காணிக்கையாக அளித்த ஆடைகள் ஆண்டு முழுவதும் வந்து சேர்ந்தன. இருபுறமும் ஆறு ஓடும் ஈரநிலத்தில் பருத்தியும் பட்டும் நெடுநாள் தாங்கா என்னும் நிலையில், அங்கே துணி காக்கும் முறை பெட்டியையும் பூட்டையும் மட்டும் நம்பி அமையவில்லை.

அத்துணிகள் பிறந்த நிலம் அண்மையிலேயே இருந்தது. திருச்சிராப்பள்ளிக்கு வடக்கே துறையூருக்கும் பெரம்பலூருக்கும் இடையில் எழும் பச்சைமலையின் கிழக்கு அடிவாரத்தைக் கடந்தால், பெரம்பலூர்ப் பகுதியின் கரிசல் நிலங்கள் இன்றும் பருத்தி விளையும் வயல்களாக விரிந்து கிடக்கின்றன. காவிரியின் தென்கரையில் இருந்த சோழர் தலைநகரான உறையூரோ நெசவுக்குப் பெயர்பெற்ற ஊராகும். கி.பி. முதல் நூற்றாண்டைச் சேர்ந்த கிரேக்கக் கடல்வழி நூலான ‘பெரிப்ளுஸ்’, ‘அர்காரு’ என்னும் ஊரின் பெயரால் வழங்கிய மென்துகிலை ஏற்றுமதிப் பொருளாகக் குறிப்பிடுகிறது. அவ்வூரை உறையூர் என்றே அறிஞர் பலர் கொள்கின்றனர். சென்னைப் பல்கலைக்கழகம் 1965 முதல் 1969 வரை உறையூரில் நடத்திய அகழாய்வில் வெளிப்பட்ட, செங்கல்லால் கட்டிய சாயத்தொட்டி, நெய்த துணிக்கு அங்கேயே நிறமூட்டும் வேலையும் நடந்ததைக் காட்டுகிறது. ஆயினும் அக்காலத்து உறையூர்த் துகிலின் ஓர் இழைகூட அவ்வூரின் ஈரமண்ணில் எஞ்சவில்லை. பண்டைய இந்தியப் பருத்தித் துணியின் துண்டுகள் எகிப்தின் பெரெனிகே துறைமுகத்து வறண்ட மணலில் கிடைத்திருப்பதை இதனோடு ஒப்பிட்டால், துணியின் ஆயுளைத் தீர்மானிப்பதில் நெசவைவிடச் சேமித்த இடத்துக்கே பங்கு மிகுதி என்பது விளங்கும்.

இறைவனுக்குச் சாத்தும் ஆடையைக் கல்வெட்டுகளும் மரபுநூல்களும் திருப்பரிவட்டம் என்றும் திருப்பரிசட்டம் என்றும் வழங்குகின்றன. இன்று பரிவட்டம் என்பது கோயிலில் மதிப்புக்குரியவரின் தலையில் கட்டும் துணியை மட்டுமே குறிக்கும் அளவுக்குச் சுருங்கிவிட்டது. இறைவன் அணிந்து களைந்த ஆடை பண்டாரத்தில், அதாவது கோயில் கருவூலத்தில், அடங்கிவிடாமல் மனிதர் தலைக்கு மரியாதையாக ஏறிய வழக்கமே இப்பொருள் மாற்றத்துக்கு அடியாக இருந்திருக்க வேண்டும். ஆடையைப் பேணுவதற்கென்றே தனிப் பணியாளர் இருந்ததற்குத் தஞ்சைப் பெரிய கோயிலில் முதலாம் இராசராசனின் 29ஆம் ஆட்சியாண்டுக் கல்வெட்டு சான்றாகிறது. ஆடல்மகளிர், இசைக்கலைஞர், கணக்கர் முதலியோருடன் தையான் எனப்பட்ட தையற்காரரும், இரத்தினத்தையான் எனப்பட்ட மணிகள் வைத்துத் தைப்பவரும், ஈரங்கொல்லி எனப்பட்ட சலவையாளரும் அதில் பங்கு பெறுகின்றனர். ஈரத்தைக் கொல்பவர் என்று விரியும் ஈரங்கொல்லி என்ற பெயர் கூர்ந்து நோக்கத்தக்கது. அழுக்கை நீக்குவதைவிட, துவைத்த துணியில் ஈரம் தங்காமல் உலர்த்தித் தருவதே அவருடைய தொழிலின் உயிர்நிலையாகக் கருதப்பட்டது என்று அதற்குப் பொருள் கொள்ளலாம். காவிரிக்கரைக் கோயில்களில் பூஞ்சையே துணிக்கு முதற்பகையாக இருந்திருக்க வேண்டும்.

திருவரங்கத்து மரபில் ஈரங்கொல்லிக்கு இருந்த இடம் வேறெந்தக் கோயிலிலும் காண்பதற்கு அரியது. இறைவனின் பரிவட்டங்களை ஒருவர் மிக நேர்த்தியாக வெளுத்துக் கொண்டுவந்ததைக் கண்டு மகிழ்ந்த இராமாநுசர் அவரைத் திருமுன்னே அழைத்துச் சென்றதாக வைணவ மரபுரைகள் கூறுகின்றன. அதனினும் ஆழ்ந்த பொருளுடைய செய்தி, கோயிலின் வரலாற்றையும் நிருவாகத்தையும் உரைக்கும் ‘கோயிலொழுகு’ மரபில் வருகிறது. 1323இல் தில்லிப் படையெடுப்பின்போது அழகியமணவாளன் என்று வழங்கிய உற்சவத் திருமேனியை, அதாவது விழாக்களில் எழுந்தருளும் படிமத்தை, வைணவ ஆசாரியரான பிள்ளை உலகாசிரியர் முதலானோர் தெற்கே கொண்டு சென்றனர். பல ஊர்கள் அலைந்த அத்திருமேனி விசயநகரத் தளபதி கோபணாரியரின் முயற்சியால் 1371இல் திரும்பி வந்தது. இடைப்பட்ட 48 ஆண்டுகளில் வேறொரு திருமேனி வழிபாட்டில் அமர்ந்திருந்ததால் எது பழையது என்ற ஐயம் எழ, முன்னாளில் கோயில் ஆடைகளை வெளுத்தவரும் முதுமையால் பார்வை இழந்தவருமான ஈரங்கொல்லி ஒருவர் அழைக்கப்பட்டார். இரு திருமேனிகளுக்கும் திருமஞ்சனம், அதாவது நீராட்டு, செய்வித்து, நனைந்த ஆடையைப் பிழிந்து பெறும் ஈரவாடைத் தீர்த்தத்தை அவருக்கு அளித்தபோது, கத்தூரியும் கற்பூரமும் கலந்த பழைய மணத்தைச் சுவையால் உணர்ந்து, வந்தவரே நம்பெருமாள் என்று அவர் அறிவித்ததாகவும், அப்பெயரே நிலைத்ததாகவும், மற்றத் திருமேனி திருவரங்க மாளிகையார் என்ற பெயருடன் கோயிலிலேயே இடம்பெற்றதாகவும் மரபு கூறுகிறது. ஏடுகளும் பூசகர்களும் துணை வராதபோது ஓர் ஊர் தன் இறைவனை ஒரு துணியின் மணத்தால் மீட்டுக்கொண்டது என்பதே இச்செய்தியின் பெருமை. நாள்தோறும் துணியைக் கையாண்டவரின் நினைவே அங்கே பதிவேடாக நின்றது.

கோயிலைச் சூழ்ந்த வீதிகளின் இல்லங்களிலும் துணிக்கென்று ஒழுங்கு இருந்தது. மடித்துணி எனப்பட்ட சடங்குத் தூய்மையுடைய ஆடை, துவைத்த பின் பிறர் கை படாதவாறு கூரையின் கீழ் உயரத்தில் கட்டிய மூங்கிற்கொடியில் உலர்த்தப்பட்டது; துணியை ஏற்றவும் இறக்கவும் மடிக்கோல் என்னும் நீண்ட கழி பயன்பட்டது. தூய்மைக்காக ஏற்பட்ட இவ்வழக்கம் காற்றோட்டமான நிழலில், தரையின் ஈரத்துக்கும் பூச்சிக்கும் எட்டாத உயரத்தில் துணியை வைத்ததால், பாதுகாப்பு முறையாகவும் பயன்பட்டது. ஆனால் அத்தூய்மை விதி பிறப்பை அளவுகோலாகக் கொண்டு மனிதரை விலக்கியது என்பதையும், இறைவனின் ஆடையை வெளுத்துத் தூய்மை தந்தவரின் கையே அவ்வீடுகளில் தீட்டாகக் கருதப்பட்டது என்பதையும் மறைத்துவிட்டு இவ்வழக்கத்தைப் போற்றுவது நேர்மையாகாது.

கூறைப்புடவை, பட்டு, சரிகைத் துணி ஆகியவை மரப்பெட்டியிலும், பிற்காலத்தில் தகர டிரங்குப் பெட்டியிலும் இடம்பெற்றன. பெட்டியின் அடியில் பழைய வேட்டியை விரித்து, பட்டை வெண்பருத்தித் துணியில் சுற்றி, உலர்ந்த வேப்பிலையையோ வசம்பையோ வெட்டிவேரையோ இடையில் வைப்பது பெண்கள் தலைமுறைதோறும் கற்பித்த முறையாகும். சில மாதங்களுக்கு ஒருமுறை மடிப்பை மாற்றி மடிப்பது அதில் இன்றியமையாதது, ஏனெனில் ஒரே கோட்டில் நெடுநாள் மடிந்திருக்கும் பட்டில் சரிகையின் உலோக இழை பட்டிழையை அறுத்துவிட, புடவை மடிப்போடு கிழியும். கஞ்சி போட்ட துணியை அப்படியே அடுக்கலாகாது என்ற விதிக்கும் காரணம் உண்டு. மாவுப்பொருளைத் தேடி வரும் இராமபாணப் பூச்சி துணியையும் சேர்த்து அரித்துவிடும். சாயம் வெளுக்கும் என்பதால் வண்ணத் துணியை வெயிலில் காட்டாமல் நிழலில் காற்றாட விட்டனர். தஞ்சை சரசுவதி மகால் நூலகத்தில் சுவடிகளுக்கிடையே வைக்க வசம்பு, கருஞ்சீரகம், மிளகு, கிராம்பு, இலவங்கப்பட்டை ஆகியவற்றின் பொடியோடு கற்பூரம் சேர்த்துச் சிறு பைகளில் கட்டும் முறையும் இவ்வில்லத்து அறிவின் விரிந்த வடிவமே.

முழுத்துணியைக் காக்கும் வழிகள் இவை என்றால், வெட்டப்பட்ட துணிக்கு வேறொரு வரலாறு உண்டு. சோழமண்டலக் கரையிலிருந்து சென்ற சீட்டித்துணி, அதாவது சாயவேர் முதலியவற்றால் வண்ணம் தீட்டிய பருத்தி, இங்கிலாந்தின் நெசவாளரை நலிவித்தது. எனவே 1700இல் அதன் இறக்குமதியைத் தடுக்கவும், 1721இல் அதை உடுத்துவதையே தடுக்கவும் அங்கே சட்டங்கள் பிறந்தன. 1774 வரை தடை நீடித்தது. கிடைத்தற்கரிதான சீட்டியின் சிறு துண்டையும் அங்குள்ள பெண்கள் எறியாமல் சேர்த்து வைத்து ஒட்டுப்போர்வை தைத்தனர். கம்பிரியாப் பகுதியின் லெவன்ஸ் மாளிகையில் இன்றும் உள்ள, ஏறத்தாழ 1708ஆம் ஆண்டைச் சேர்ந்த போர்வை இந்தியச் சீட்டித் துண்டுகளால் ஆனது. எஞ்சியிருக்கும் ஆங்கில ஒட்டுப்போர்வைகளில் மிகப் பழையதாக அதையே கருதுகின்றனர்.

அச்சீட்டி புறப்பட்ட நிலத்தில் வெட்டுத்துணியின் உயர்ந்த வடிவம் தேர்ச்சீலை ஆயிற்று. தேரின் மரச்சட்டகத்தைப் போர்த்தும் சீலைகள், நான்கு பக்கமும் உருளை வடிவில் தொங்கும் தொம்பைகள், வாயிலில் தொங்கும் வாசமாலைகள், மேலே விரிக்கும் அஸ்மானகிரி என்ற மேற்கட்டிகள் ஆகியவற்றைத் தஞ்சை, கும்பகோணம் பகுதிக் கைவினைஞர் ஒட்டுத்தையலில் செய்கின்றனர். சிவப்பு முதலிய அடித்துணியின்மேல் வெள்ளை, மஞ்சள், பச்சை, கறுப்புத் துணிகளிலிருந்து வெட்டிய யாளி, அன்னம், தாமரை உருவங்களை வைத்துத் தைத்து, ஓரங்களைக் கயிற்றாலோ நாடாவாலோ கட்டுவது இத்தையலின் இலக்கணம். நெடுந்தொலைவிலிருந்து பார்ப்பவர் கண்ணுக்கு உருவம் தெளிய வேண்டும் என்பதால் இங்கே துணியைத் தேர்வதில் நிறமே முதற்கருத்தாகிறது; இழையின் நயம் அதற்குப் பின்னரே எண்ணப்படும். 1383இல் விசயநகர இளவரசர் விருப்பண்ண உடையார் 52 ஊர்களை அளித்துப் புதுப்பித்ததாகக் கோயிலொழுகு கூறும் விருப்பன் திருநாளின் சித்திரைத் தேர் இன்றும் திருவரங்கத்து வீதிகளில் இத்தகைய சீலைகளுடனேயே ஓடுகிறது.

வெட்டாமலும் பூட்டி வைக்காமலும் துணியைப் பிறர்பால் செலுத்துவதே கோயிலின் மூன்றாம் வழி. அரங்கத்தின் சேமிப்பில் சிறந்த பகுதி அதுவே. தைப்பூசத்தில் கொள்ளிடக் கரைக்கு வரும் சமயபுரம் மாரியம்மனுக்கு அண்ணன் வீட்டுச் சீராக அரங்கநாதரிடமிருந்து பட்டுப்புடவை செல்கிறது. திருமலையில் ஆனி மாதம் நடக்கும் ஆனிவார ஆஸ்தான விழாவுக்கு அரங்கத்து வஸ்திரங்கள் செல்ல, கைசிக ஏகாதசிக்குத் திருமலையிலிருந்து வஸ்திர மரியாதை வருகிறது. கார்த்திகை மாத வளர்பிறை ஏகாதசியான அவ்விரவில், ஆண்டின் நாள்களுக்கு ஒவ்வொன்றாக 365 வஸ்திரங்களை நம்பெருமாளுக்கு ஒன்றன்பின் ஒன்றாகச் சாத்திக் களைகின்றனர். ஒரு நாளுக்கு ஓர் ஆடை என்ற கணக்கில் ஓராண்டு முழுவதும் ஓர் இரவுக்குள் எண்ணப்படுகிறது. பின்னர்ப் பட்டர் கைசிக புராணம் படிக்க, துவாதசிக் காலையில் பச்சைக் கற்பூரப் பொடியும் மலரும் தூவ நம்பெருமாள் படியேறித் திருவறைக்குத் திரும்புகிறார். அப்பொடி அவருடைய ஆடையின் மடிப்புகளில் படிந்து உள்ளே செல்கிறது.