ஒரே வெர்ஷன், ரெண்டு பைத்தான்

பைத்தான் 2.7-க்காக கம்பைல் செய்த மாட்யூல், பைத்தான் 2.7-லேயே லோட் ஆகாமல் அடம்பிடிக்கும். யூசிஎஸ்2 என்றோ யூசிஎஸ்4 என்றோ ஒட்டு போட்ட ஃபங்ஷனைக் காணவில்லை என்று எரர். வெர்ஷன் ஒன்றுதானே, அப்புறம் என்ன தகராறு?

2001-ல் ஆரம்பித்த கதை இது. யுனிகோட் 65,536 இடத்துக்குள் அடங்காது என்றானதும், எழுத்துக்கு 2 பைட்டா 4 பைட்டா என்பதை இன்டர்பிரெட்டரை கம்பைல் செய்பவரிடமே பைத்தான் 2.2 விட்டுவிட்டது. டெபியன், ரெட்ஹாட் 4 எடுத்தன. சோர்ஸிலிருந்து நாமே கம்பைல் செய்தால், தனியாகச் சொல்லாதவரை 2. (நாம் தினமும் எழுதும் தமிழுக்கு 2 பைட்டே போதும். ஆனாலும் அடி நமக்கும்தான்!)

இன்டர்பிரெட்டர் 4 பைட்டாக எழுதி, மாட்யூல் 2 பைட்டாகப் படித்தால் சத்தமில்லாமல் குப்பை வரும், இல்லை கிராஷ் ஆகும். அதைத் தடுக்கவே ஹெடர் ஃபைலில் ஃபங்ஷன் பெயர்களை வேண்டுமென்றே பிரித்து வைத்தார்கள். நாம் திட்டித் தீர்த்த எரர், நமக்காகப் போட்ட பூட்டு!

சிஸ்.மேக்ஸ்யுனிகோடை பிரின்ட் செய்தால் குட்டு உடையும்: 65535 என்றால் 2 பைட், 1114111 என்றால் 4. மாட்யூலை அதே இன்டர்பிரெட்டரை வைத்து மறுபடி கம்பைல் செய்வதுதான் மருந்து. பைத்தானையே மாற்றிக் கட்டினால் ஏற்கெனவே ஓடிய மற்ற மாட்யூல்கள் படுத்துவிடும்.

2012-ல் வந்த பைத்தான் 3.3, ஸ்ட்ரிங்கைப் பார்த்து 1, 2, 4 பைட் என்று தானே எடுத்துக்கொண்டது. 2.7-க்கு மட்டும், 2020-ல் ஆதரவு நிற்கும்வரை லினக்ஸில் ரெண்டு வீல் ஃபைல் தேவைப்பட்டது.