மட்டாஞ்சேரி அரிசி வணிகமும் ரேஷன் கமிஷனும்

கேரளத்தின் பொது விநியோக முறையைப் பற்றிய ஆய்வுகள் பெரும்பாலும் அதன் பரவலையும், அதைப் பெற்றுத் தந்த மக்கள் போராட்டங்களையும் பேசுகின்றன. அரசின் அரிசியை நடுவில் நின்று கைமாற்றியவர் யார், அதில் அவர் ஈட்டியது என்ன என்னும் கேள்வி அரிதாகவே எழுகிறது. கொச்சியின் பழைய அரிசிச் சந்தையான மட்டாஞ்சேரியிலிருந்து பார்த்தால் இக்கேள்வியைத் தவிர்க்க இயலாது.

மட்டாஞ்சேரி பஜார் சாலையின் பண்டகசாலைகளில் மிளகும் சுக்கும் போலவே அரிசியும் குவிந்திருந்தது. கொச்சி சமஸ்தானம் தன் உணவுக்குப் பர்மாவைப் பெரிதும் நம்பியிருந்தது. அந்த இறக்குமதி குஜராத்தி, கச்சி மேமன் முதலிய வணிகச் சமூகங்களின் கையில் இருந்தது. 1942 மார்ச்சில் ரங்கூன் ஜப்பானியர் வசமானதும் வரத்து நின்றது. நாட்டிலேயே மிக முன்னதாகப் பங்கீட்டு முறையை ஏற்ற பகுதிகளுள் திருவிதாங்கூரும் கொச்சியும் அடங்கும். அரிசி சரக்கு என்னும் நிலையிலிருந்து உரிமை என்னும் நிலைக்கு நகர்ந்தது அப்போதுதான்.

ஆயினும் வணிகர் விலகிவிடவில்லை. 1964-இன் அரிசித் தட்டுப்பாட்டுக்குப் பின் விரிவடைந்த முறைக்கு 1966-ஆம் ஆண்டின் கேரள ரேஷனிங் ஆணை சட்ட வடிவம் தந்தது. 1965-இல் தோன்றிய இந்திய உணவுக் கழகத்தின் கிடங்கிலிருந்து தானியத்தை எடுப்பவர் உரிமம் பெற்ற தனியார் மொத்த விநியோகஸ்தர். அவரிடமிருந்து பெற்று அட்டைதாரருக்கு அளப்பவர் பெரும்பாலும் தனியாரான சில்லறை விநியோகஸ்தர். இருவருக்கும் அளவுக்கேற்பக் கமிஷன். கூட்டுறவுச் சங்கங்களின் சம்பள விற்பனையாளர்களைப் பெரிதும் சார்ந்த தமிழ்நாட்டு முறையோடு ஒப்பிட்டால் வேறுபாடு விளங்கும்.

இந்த ஏற்பாட்டின் பலவீனம் 1997-இல் வெளிப்பட்டது. அதுவரை ஏறத்தாழ அனைவருக்குமாக இருந்த விநியோகம், மத்திய அரசின் இலக்குசார் முறையால் வறுமைக் கோட்டின் இருபுறமாகப் பிளவுபட்டது. கோட்டுக்கு மேலுள்ளோருக்கான விலை உயர, அவர்கள் கடையை விட்டு விலகினர். விற்பனை சரிந்ததும் கமிஷனும் சரிந்தது. பல கடைகள் கட்டுப்படியாகாத நிலைக்கு வந்தன. நேர்வழியில் வருவாய் குன்றும்போது ரேஷன் அரிசியை வெளிச்சந்தைக்குத் திருப்பும் தூண்டுதல் கூடுவது இயல்பே. இதைத் தனிமனித ஒழுக்கக் கேடாக மட்டும் காண்பது நிர்வாகத்துக்கு வசதியான விளக்கம். ஏழை அட்டைதாரரின் அரிசி, அட்டையை மறந்துவிட்ட அண்டை வீட்டாரின் கொள்முதலைச் சார்ந்திருந்தது என்பதே கசப்பான உண்மை.

உச்ச நீதிமன்றம் 2006-இல் நியமித்த நீதிபதி வாத்வா குழு, தனியார் மொத்த விநியோகத்தையே கசிவின் முக்கிய வாயிலாகக் கண்டது. 2013-இன் தேசிய உணவுப் பாதுகாப்புச் சட்டம் கடை வாசல்வரை தானியத்தைச் சேர்க்கும் பொறுப்பை அரசிடம் ஒப்படைத்ததோடு, கடை உரிமத்தில் ஊராட்சி, சுய உதவிக் குழு, கூட்டுறவு ஆகியவற்றுக்கு முன்னுரிமை கோரியது. கேரளம் இச்சட்டத்தை 2016 நவம்பரில் ஏற்றது. தொடர்ந்து மொத்த விநியோகம் தனியாரிடமிருந்து கொச்சியைத் தலைமையிடமாகக் கொண்ட சப்ளைகோவுக்கு மாறியது. அரை நூற்றாண்டு நிலைத்த ஓர் இடைநிலை, அதிக ஆரவாரமின்றி மறைந்தது.

சில்லறைக் கடைகளோ பெரும்பாலும் தனியாரிடமே தொடர்கின்றன. மாநிலத்தில் அவை ஏறத்தாழ 14,000. கிடங்கிலிருந்து கடைவரை தானியம் செல்வதும் ஒப்பந்ததாரர்களின் லாரிகளில்தான். நிலுவைத் தொகை கேட்டு அவர்கள் வேலைநிறுத்தம் செய்யும்போதெல்லாம் கடைகளில் இருப்புக் குறைகிறது. அட்டைதாரர் வெறும் பையோடு திரும்புகிறார்.