மடித்த கைகளும் மறைந்த கைகளும்



கிறிஸ்து பிறப்பு விழா நெருங்கிவிட்டது. கட்டுமாவடியிலும் சுற்றியுள்ள கடற்கரை ஊர்களிலும் முறுக்குக்கும் அதிரசத்துக்கும் மாவு இடிக்கும் நாள்கள் இவை. இப்போதெல்லாம் பிள்ளைகள் இன்னொரு பலகாரமும் கேட்கிறார்கள். பிரெட்சல் எனப்படும் உப்பு ரொட்டி முறுக்கை உருகிய சாக்லேட்டில் முக்கி எடுப்பதுதான் அது.

செய்வது எளிது. அடுப்பில் ஒரு பாத்திரத்தில் வெந்நீர் வைத்து, அதன்மேல் இன்னொரு பாத்திரத்தில் சாக்லேட்டை இளக்க வேண்டும். ஒரு சொட்டுத் தண்ணீர் உள்ளே விழுந்தாலும் சாக்லேட் கட்டிதட்டிவிடும். பிரெட்சலைப் பாதி முக்கி, தட்டில் பரப்பி ஆறவிட்டால் போதும். பிரெட்சல் கிடைக்காத ஊரில் சின்னக் கைமுறுக்கை முக்கலாம். அதிலும் உப்பு உண்டு, முறுக்கல் உண்டு. ஆனால் நம் கடற்கரை வெக்கையில் சாக்லேட் நெடுநேரம் நிற்காது. நம் உடல் சூட்டுக்கே அது உருகிவிடும். அதனால்தான் வாயில் போட்டதும் கரைகிறது.

இந்தச் சின்னப் பலகாரத்தில் இரண்டு வரலாறுகள் ஒட்டிக்கொண்டிருக்கின்றன. ஒன்று நோன்பின் வரலாறு, மற்றொன்று ஆசையின் வரலாறு.

முதலில் பிரெட்சல். இடைக்கால ஐரோப்பாவில் தவக்காலம் என்றால் இறைச்சி மட்டுமல்ல, பல இடங்களில் முட்டை, பால், வெண்ணெய் எல்லாமே விலக்கப்பட்டிருந்தன. மிஞ்சியவை மாவு, தண்ணீர், உப்பு. அந்த மூன்றையும் கொண்டு செய்யக்கூடிய ரொட்டி இது. கை என்று பொருள்படும் பழைய இலத்தீன் சொல்லிலிருந்துதான் பிரெட்சல் என்ற பெயரே வந்தது. கைகளை மார்பின் குறுக்கே மடித்துச் செபித்தவர்களைப் பார்த்து ஒரு துறவி இந்த வடிவத்தை அமைத்தார் என்பது வழிவழியாக வரும் கதை. அதற்குச் சான்று இல்லை. ஆனால் 12ஆம் நூற்றாண்டில் அல்சாஸ் பகுதியில் எராட் என்ற துறவற மடத் தலைவி தொகுத்த ஓவிய நூலில், எஸ்தர் அரசியின் விருந்து மேசைமேல் பிரெட்சல் இருந்தது. அந்த மூலநூல் 1870ஆம் ஆண்டுப் போரில் ஸ்திராஸ்பூர்க் நகரில் எரிந்துபோனது. அதற்கு முன்பே எடுத்திருந்த படிகளால்தான் அந்த ஓவியம் நமக்குத் தெரியும்.

அடுத்து சாக்லேட். மெக்சிகோவின் பழங்குடி மக்கள் கொக்கோ விதையைக் காசாகவும் புழங்கினார்கள், அரைத்துக் கலக்கியும் குடித்தார்கள். 16ஆம் நூற்றாண்டில் ஸ்பானியர்கள் அதைக் கண்டுகொண்டார்கள். பின்னர் சர்க்கரை சேர்ந்தது, ஐரோப்பாவே மயங்கியது. உடனே ஒரு கேள்வியும் எழுந்தது: சாக்லேட் குடித்தால் நோன்பு முறியுமா? இதற்காகவே 1636இல் அந்தோனியோ தெ லெயோன் பினேலோ ஒரு நூல் எழுதினார். 1664இல் கர்தினால் பிரான்காச்சோ, நீர்ப்பொருள் நோன்பை முறிக்காது என்ற வழியில் விடை சொன்னார்.

விவாதம் முழுவதும் வாயைப் பற்றியதாகவே இருந்தது. அதே நூற்றாண்டில் வெனிசுவேலாவின் கொக்கோத் தோட்டங்களில் ஆப்பிரிக்காவிலிருந்து கொண்டுவரப்பட்ட அடிமைகள் உழைத்துக்கொண்டிருந்தார்கள். குடிப்பவரின் நோன்பு முறியுமா என்று கேட்டவர்கள், பறிப்பவரின் முதுகு முறிகிறதே என்று கேட்கவில்லை.

அந்தக் கேள்வி எழ நெடுங்காலம் ஆயிற்று. 1847இல் இங்கிலாந்தின் ஃப்ரை நிறுவனம் கடித்துத் தின்னும் சாக்லேட் கட்டியை உருவாக்கியது. தொழில் பெருகியது. ஆப்பிரிக்காவின் மேற்குக் கரைக்கு அப்பால் உள்ள சாவோ தோமே தீவு, போர்ச்சுக்கீசியர் ஆட்சியில் கொக்கோ தீவாக மாறியது. ஒப்பந்தக் கூலிகள் என்ற பெயரில் அங்கோலாவிலிருந்து கொண்டுபோகப்பட்டவர்கள் ஊர் திரும்பவே இல்லை. என்றி நெவின்சன் என்ற பத்திரிகையாளர் அங்கே நேரில் போய்ப் பார்த்து, 1906இல் நூலாக எழுதினார். கேட்பரி நிறுவனம் 1909இல்தான் அந்தத் தீவின் கொக்கோவை நிறுத்தியது. இவ்வளவு தாமதம் ஏன் என்று கண்டித்து எழுதிய நாளிதழ்மீது அந்நிறுவனம் அவதூறு வழக்குப் போட்டது. வழக்கில் வென்றது. ஆனால் நடுவர் குழு கொடுக்கச் சொன்ன இழப்பீடு ஒரே ஒரு ஃபார்திங், அதாவது கால் பென்னி. அந்தக் கால் காசே ஒரு தீர்ப்பாகிவிட்டது.

இது பழங்கதை அல்ல. இன்று உலகின் கொக்கோவில் பாதிக்கு மேல் ஐவரி கோஸ்ட், கானா ஆகிய இரு நாடுகளிலிருந்து வருகிறது. அங்கே கொக்கோ விளையும் பகுதிகளில் ஏறத்தாழ 15 லட்சத்து 60 ஆயிரம் சிறுவர்கள் அந்த வேலையில் இருப்பதாக 2020இல் வெளியான சிகாகோ பல்கலைக்கழக ஆய்வு மையத்தின் அறிக்கை கணக்கிட்டது. காயை வெட்டும் கத்தியும், தலைக்கு மிஞ்சிய சுமையும், பூச்சி மருந்தும் அந்தப் பிஞ்சுக் கைகளில்.

நேயர்களே, கட்டுமாவடி மக்களுக்கு இதை யாரும் விளக்க வேண்டியதில்லை. பாக் நீரிணையில் நம்மவர் பிடிக்கும் நண்டும் இறாலும் கடல் கடந்து போகின்றன. அங்கே தட்டில் வைத்து உண்பவருக்கு விடியுமுன் வலை இழுத்த கை தெரியாது. கரையில் என்ன விலை கிடைத்தது என்பதும் தெரியாது. நம் உழைப்பு அவருக்கு மறைந்திருப்பதுபோல், கொக்கோ காயை உடைத்த கை நமக்கு மறைந்திருக்கிறது.

இறைவாக்கினர் எசாயா நூலின் 58ஆம் அதிகாரம் நோன்பைப் பற்றிப் பேசும்போது, வாயை விட்டுவிட்டு, ஒடுக்கப்படும் வேலையாள்களைத்தான் முதலில் காட்டுகிறது. மடித்த கை மறைந்த கையை நினைக்காவிட்டால் நோன்பும் வெறுமை, விருந்தும் வெறுமை.

அப்படியென்றால் பிள்ளைகளுக்குச் சாக்லேட் கொடுக்க வேண்டாமா? கொடுங்கள். கொடுக்கும்போது அது எங்கே விளைந்தது என்றும் சொல்லிக் கொடுங்கள். நம் பொள்ளாச்சித் தென்னந்தோப்புகளின் நிழலிலும் கொக்கோ விளைகிறது. அதில் செய்த சாக்லேட் கிடைத்தால் தேடி வாங்குங்கள். முக்குவதற்கு வாங்கும் கைமுறுக்கையும் எண்ணிப் பாருங்கள். அரிசி மாவை விரல்களால் முறுக்கி முறுக்கி வட்டமாகச் சுற்றுவது எந்திரம் இல்லாத வேலை, இடுப்பொடியும் வேலை. மணப்பாறை முறுக்குக்கு 2023இல் புவிசார் குறியீடு கிடைத்தது பெருமைதான். ஆனால் நம் தெருவில் முறுக்குச் சுற்றி விற்கும் அக்காவுக்கு வேண்டியது பேரம் பேசாத விலை. இந்த விழாவுக்கு அதை அவர் கையில் கொடுத்துவிட்டு, சுட்ட பலகாரத்தில் ஒரு தட்டை அடுத்த வீட்டுக்கும் அனுப்பிவிடுங்கள்.