அரக்கோணம் கடற்படை ஹெலிகாப்டர் பயிற்சிப் பள்ளி

இந்தியக் கடற்படையின் ஹெலிகாப்டர் விமானிகளை உருவாக்கும் 561-ஆவது விமானப் படைப்பிரிவு, அரக்கோணம் ஐ.என்.எஸ். ராஜாளி தளத்தில் இயங்குகிறது. 1971-இல் கொச்சியில் தொடங்கப்பட்ட இப்பள்ளி 1992-இல் இங்கு மாற்றப்பட்டது. கடலோரக் காவல்படையினரும் நட்பு நாடுகளின் அதிகாரிகளும் இங்குப் பயில்கின்றனர். விசாகப்பட்டினத்தைத் தலைமையிடமாகக் கொண்ட கிழக்குக் கடற்படைக் கட்டளையகத்தின்கீழ் வரும் இத்தளத்தைக் கமடோர் நிலை அதிகாரி வழிநடத்துகிறார்.

பயிற்சிக் காலம் 22 வாரங்கள். ஒற்றை எஞ்சின் கொண்ட சேத்தக் ஹெலிகாப்டரில் விமானிகள் பழகுகின்றனர். பிரெஞ்சு வடிவமைப்பிலான இது பெங்களூரு எச்.ஏ.எல். நிறுவனத் தயாரிப்பு. அலையில் ஆடும் கப்பல் தளத்தில் இறங்குவதே பின்னாளில் அவர்களுக்குக் காத்திருக்கும் கடினமான பணி.

2024 ஜூன் 7-ஆம் தேதி நடந்த 102-ஆவது பயிற்சி நிறைவு விழாவில், அப்போதைய கட்டளையகத் தலைமை அதிகாரி வைஸ் அட்மிரல் ராஜேஷ் பெந்தார்கர் 21 பேருக்குத் தங்கச் சிறகுச் சின்னம் வழங்கினார். அவர்களில் சப்-லெப்டினன்ட் அனாமிகா பி. ராஜீவ், கடற்படையின் முதல் பெண் ஹெலிகாப்டர் விமானி ஆவார். 2020-இலேயே குமுதினி தியாகி, ரித்தி சிங் இருவரும் போர்க்கப்பல் ஹெலிகாப்டர்களுக்குத் தேர்வாகியிருந்தனர். ஆனால் அது கண்காணிப்பு அதிகாரிப் பொறுப்பு மட்டுமே. விமானி இருக்கையை ஒரு பெண் எட்டுவதற்குப் பள்ளி தொடங்கி 53 ஆண்டுகள் ஆயின. லடாக்கிலிருந்து கடற்படை அதிகாரியான முதல் நபர் லெப்டினன்ட் ஜம்யாங் சேவாங்கும் அதே விழாவில் சிறகுச் சின்னம் பெற்றார்.