புல்லே அளவுகோல்

பாலைப் பாக்கெட்டில் வாங்கும் புதுவை நகரத்தாராகிய நாம், ஆநிரைக்கு எல்லை வகுப்பது புல்லே என்பதை மறந்துவிட்டோம்.

கொங்கு நாட்டுக் காங்கயம் பகுதியார் அதனை மறக்கவில்லை. மழை குறைந்த மேட்டு நிலத்தைக் கிளுவை முள்வேலியால் அடைத்து, கொழுக்கட்டைப் புல்லும் வெள்வேல மரமும் வளர்த்தனர். கொறங்காடு என்பது அதன் பெயர். ஒரு காட்டில் புல் குறைந்ததும் மாடுகளை அடுத்த காட்டிற்கு மாற்றுவர். மேய்ந்த நிலம் மீண்டும் தளிர்க்கும். கோடையில் வெள்வேலங்காய் தீவனமாகும். வேலிக்குள் விளைவதற்கேற்பவே மந்தை அமையும்.

தனியார் நிலத்திற்கு இது பொருந்தும். பொது மேய்ச்சல் நிலத்தில் புல் போதாதபோது எவர் மந்தையை விலக்குவது?

அரபகத்தில் காக்கப்பட்ட மேய்ச்சல் நிலத்திற்கு ‘ஹிமா’ என்று பெயர். 634 முதல் 644 வரை ஆண்ட கலீஃபா உமர் (ரலி) அவர்கள், அதன் காவலர் ஹுனைக்கு இட்ட ஆணை ஸஹீஹுல் புகாரியில் உள்ளது. சில ஒட்டகங்களும் ஆடுகளுமே உடைய எளியோரை உள்ளே விடவேண்டும். உஸ்மான் (ரலி), அப்துர் ரஹ்மான் இப்னு அவ்ஃப் (ரலி) போன்ற செல்வரின் மந்தைகளை விலக்கவேண்டும். செல்வருக்குப் பேரீச்சந் தோப்பும் வயலும் உண்டு. எளியோரின் கால்நடை மடிந்தாலோ, அவர்தம் குடும்பத்தை அரசே பொருள் கொடுத்துக் காக்க நேரும். பொன் கொடுப்பதினும் புல் கொடுப்பது எளிதன்றோ!

மேய்ச்சல் புறம்போக்குகள் சுருங்கிவரும் இந்நாளில், எஞ்சிய புல்லில் இரண்டு மாடு வைத்துப் பிழைப்பவருக்கே முதலுரிமை என்பதை நாம் மறவாதிருப்போமாக.