துளசிமதியின் வெள்ளியும் நம் தெருவின் காற்றும்

கீழ்பென்னாத்தூர் பக்கத்துக் காலனித் தெருக்களில் மாலை நேரத்தில் பிள்ளைகள் ஷட்டில் ஆடுவதைப் பார்க்கலாம். இரண்டு கம்பம், நடுவில் ஒரு கயிறு, அவ்வளவுதான். காற்று அடித்தால் ஆட்டம் நின்றுவிடும். ஏறத்தாழ ஐந்து கிராம் எடையுள்ள இறகுப்பந்து திசை மாற லேசான காற்றே போதும். 2024 செப்டம்பரில் பாரிஸ் பாராலிம்பிக்ஸ் செய்திகள் வந்தபோது, எங்கள் மாலை வகுப்புக்கு வரும், கையில் குறைபாடு உள்ள ஒரு மாணவி கேட்டாள்: "அக்கா, அவங்கல்லாம் எங்க போயி கத்துக்கிட்டாங்க?"

எப்படி ஜெயித்தார்கள் என்றுதான் ஊரே பேசிக்கொண்டிருந்தது. எங்கே கற்றார்கள் என்று அவள் ஒருத்திதான் கேட்டாள். அந்தக் கேள்வியைப் பிடித்துக்கொண்டுதான் இந்த வரலாற்றை எழுதுகிறோம்.

துளசிமதி முருகேசன் காஞ்சிபுரத்துக்காரர், 2002இல் பிறந்தவர். பிறவியிலேயே இடது கையில் குறைபாடு. கூலி வேலை செய்த தந்தைதான் முதல் பயிற்சியாளர். இறகுப்பந்தில் மட்டை பிடிக்காத கைக்கும் வேலை உண்டு. சர்வீஸ் போடப் பந்தைப் பிடிப்பது அந்தக் கைதான். பாய்ந்து திரும்பும்போது உடலைச் சமன் செய்வதும் அதுதான். அந்தக் கையின் வேலையைக் கால்களுக்கும் இடுப்புக்கும் பழக்கப்படுத்தப் பல்லாயிரம் மணி நேரம் வேண்டும். நாமக்கல் கால்நடை மருத்துவக் கல்லூரியில் படித்துக்கொண்டே அவர் அதைச் செய்தார்.

2023 அக்டோபரில் சீனாவின் ஹாங்சோ நகரில் நடந்த ஆசிய பாரா விளையாட்டில், எஸ்யு5 எனப்படும் கை குறைபாடு உள்ளோருக்கான ஒற்றையர் பிரிவில் தங்கம் வென்றார். இறுதியில் அவரிடம் தோற்றவர் சீனாவின் யாங் சியூசியா, டோக்கியோ பாராலிம்பிக்ஸ் சாம்பியன். பாரிஸ் அரையிறுதியில் துளசிமதியின் எதிரில் நின்றவரும் தமிழ்நாட்டுப் பெண்தான்: திருவள்ளூரின் மனிஷா ராமதாஸ், 2022 உலக சாம்பியன். 23-21, 21-17 என்று துளசிமதி வென்றார். செப்டம்பர் 2ஆம் தேதி இறுதியாட்டத்தில் யாங்கிடம் 17-21, 10-21 என்று தோற்று வெள்ளி பெற்றார். மனிஷாவுக்கு வெண்கலம். குள்ளமான உயரம் கொண்டோருக்கான எஸ்எச்6 பிரிவில் ஓசூரின் நித்ய ஸ்ரீ சிவனுக்கும் வெண்கலம். டோக்கியோவில் பாரா பேட்மிண்டனில் இந்தியா பெற்ற நான்கு பதக்கங்களும் ஆண்களுடையவை. பாரிஸில் வந்த ஐந்தில் மூன்று பெண்களுடையவை. அந்த மூவருமே தமிழ்நாட்டுக்காரர்கள். 2024ஆம் ஆண்டுக்கான அர்ஜுனா விருதும் மூவருக்கும் கிடைத்தது.

இங்கே ஒரு செய்தியைக் கவனிக்க வேண்டும். பாராலிம்பிக்ஸில் இறகுப்பந்து முதன்முதலில் சேர்க்கப்பட்டதே டோக்கியோவில்தான். அங்கே பெண்களுக்கான எஸ்எச்6 ஒற்றையர் பிரிவு இல்லை. பாரிஸில்தான் சேர்த்தார்கள். அந்தப் பிரிவு பட்டியலில் ஏறாமல் இருந்திருந்தால் நித்ய ஸ்ரீயின் உழைப்பை எந்த மேடையும் அளந்திருக்காது. பட்டியலில் இருப்பதும் இல்லாததும் என்ன செய்யும் என்று நமக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. 1936இல் அட்டவணைச் சாதிகள் பட்டியல் வந்த பிறகுதான் நம் கோரிக்கைகளுக்குச் சட்டத்தில் ஒரு பெயர் கிடைத்தது. தலித் கிறித்தவர்கள் இன்றும் அந்தப் பட்டியலுக்கு வெளியே நிற்கிறார்கள். 1995ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் சட்டம் ஏழு வகைக் குறைபாடுகளை மட்டுமே ஏற்றது. 2016ஆம் ஆண்டுச் சட்டம் அதை 21 ஆக்கியது. குள்ளத்தன்மை தனி வகையாக இடம்பெற்றது அதில்தான்.

பட்டியலில் இடம் கிடைத்தாலும் மைதானத்தில் இடம் கிடைக்க வேண்டுமே. இறகுப்பந்து விளையாட்டுக்கு 'பூனா' என்றும் ஒரு பெயர் இருந்தது. 19ஆம் நூற்றாண்டில் புனேயில் இருந்த பிரிட்டிஷ் ராணுவ அதிகாரிகள் அதற்கு விதிகள் வகுத்ததால் வந்த பெயர் அது. அதே புனேயில், அந்த நூற்றாண்டின் இறுதியில், பல்வாங்கர் பாலு என்ற தலித் இளைஞர் வெள்ளையர் கிளப்பில் ஆடுகளம் பராமரிக்கும் வேலை பார்த்தார். வெள்ளையர் மட்டை பிடித்துப் பழக அவர் பந்து வீசினார். பின்னர் இந்துக்கள் அணியில் சேர்த்தார்கள். ஆனால் தேநீர் இடைவேளையில் அவருக்கு மட்டும் வெளியே, மண் குவளையில் தேநீர். 1911இல் இங்கிலாந்துப் பயணத்தில் நூறு விக்கெட்டுகளுக்கு மேல் வீழ்த்தியவர் அவர். கடைசிவரை தலைவர் பதவி தரவில்லை. 1923இல் தம்பி விட்டலுக்குத்தான் அது கிடைத்தது.

பாரிஸில் வென்றவர்கள் யாரையும் நம் கணக்கில் சேர்த்துக்கொள்ள இதை எழுதவில்லை. அவர்களின் சாதி நமக்குத் தேவையும் இல்லை. பாலுவின் கதையில் இருந்து நாம் எடுத்துக்கொள்வது ஒரு கேள்வியை: மைதானத்தின் கதவு யாருக்குத் திறக்கிறது, எதுவரை திறக்கிறது?

தமிழ்நாடு அரசு துளசிமதிக்கு 2 கோடி ரூபாயும், மனிஷா, நித்ய ஸ்ரீ ஆகியோருக்குத் தலா 1 கோடி ரூபாயும் ஊக்கத்தொகை தந்தது. வரவேற்கிறோம். அது வென்ற பிறகு வரும் பணம். தந்தை கூலிக்குப் போய்க்கொண்டே மகளுக்குப் பயிற்சி தந்த ஆண்டுகளின் செலவு அந்தக் குடும்பத்தின் தோளில்தான் இருந்தது. அப்படித் தோள் கொடுக்க முடியாத வீட்டில் பிறந்த பிள்ளை என்ன செய்வாள்? தன்னம்பிக்கை இருந்தால் போதும் என்று மேடையில் பேசுகிறவர்கள் இதற்குப் பதில் சொல்வதில்லை. சட்டம் சொல்கிறது. 2016ஆம் ஆண்டுச் சட்டத்தின் 30ஆவது பிரிவு, மாற்றுத்திறனாளிகள் விளையாட்டில் பங்கேற்க வழி செய்வதும் விளையாட்டுக் கட்டமைப்புகளை அதற்கேற்ப மாற்றுவதும் அரசின் கடமை என்கிறது. யாருடைய கருணையையும் நம்பி நிற்க வேண்டியதில்லை.

எனவே தோழர்களே, இந்த மாதம் ஒரு வேலை செய்வோம். தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் பத்து ரூபாய் கட்டணத்தோடு உங்கள் ஒன்றியத்துக்கு ஒரு மனு போடுங்கள். கூரை போட்ட விளையாட்டுத் தளம் எங்கே இருக்கிறது? அதன் சாவி யாரிடம் இருக்கிறது? சக்கர நாற்காலி ஏறச் சாய்தளம் உண்டா? மாற்றுத்திறனாளிப் பிள்ளைகளுக்கு எந்த நாளில், எந்த நேரத்தில் பயிற்சி? கீழ்பென்னாத்தூருக்கான மனுவை நாங்கள் எழுதிவிட்டோம். எங்கே போய்க் கற்பது என்று கேட்ட மாணவிதான் அதைத் தன் கையெழுத்தில் படியெடுத்துத் தந்தாள்.